அட்டவணையில் இரண்டு அலர்மேல்

பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் இருபது நிமிஷம் ஆகிவிட்டது, ஆராய்ச்சிக் கைடு உள்ளே இருக்கிறாரா இல்லையா என்பதே செண்பகவல்லிக்கு இன்னும் தெரியவில்லை. கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்கிறது. ஃபேன் ஓடினால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தமா என்ன, இந்தப் பல்கலைக்கழகத்தில் ஆளே இல்லாத எத்தனை ரூமில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது, எட்டு வருஷமாக வந்துபோகிறவளுக்குத் தெரியாதா. அட்டெண்டர் பிச்சையாவைக் கேட்டால் "இருங்க மேடம், கூப்பிடுவாரு" என்பார். வந்தவுடனே கேட்டபோதும் அதைத்தான் சொன்னார், போன வருஷமும் அதைத்தான் சொன்னார். மடியில் அவள் தீசிஸின் நான்கு பிரதி. கருநீல ரெக்ஸின் அட்டை, தங்க எழுத்து, ஒவ்வொன்றும் முந்நூற்றுப் பத்துப் பக்கம். தொடை மரத்துப்போய்விட்டது. கீழே வைக்கலாம் என்றால் தரையைப் பெருக்கி எத்தனை நாளாயிற்றோ, பெஞ்சில் பக்கத்தில் வைக்கலாம் என்றால் யாராவது வந்து உட்கார்வார்கள். ஆகவே மடியிலேயே இருக்கட்டும், மூன்று மணி வரைக்கும்தானே. மூன்று மணிக்குள் ஆராய்ச்சிப் பிரிவு கவுண்டரில் நான்கையும் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். இன்றைக்குத்தான் கடைசி நாள். இரண்டு தடவை நீட்டிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது. ரசீது இல்லையென்றால் பிஎச்.டி. பதிவு காலாவதி, பதிவு காலாவதியானால் ஜூனில் வேலை காலி. டாக்டர் பட்டம் இல்லாதவர்கள் குறைந்தபட்சம் தீசிஸ் கொடுத்த ரசீதையாவது காட்ட வேண்டும் என்று தாளாளர் சர்க்குலர் அனுப்பி நாலு மாசம் ஆகிறது. பதினாறு வருஷமாக அந்தக் கல்லூரியில் எம்.பி.ஏ. பிள்ளைகளுக்கு மார்க்கெட்டிங் சொல்லிக்கொடுத்தவள் அவள். நாற்பத்துநாலு வயசில் வேறு எந்தக் கல்லூரி வாசலில் போய் பயோடேட்டாவோடு நிற்பது? மகள் இந்த வருஷம் பிளஸ் டூ. அதை நினைக்காதே, இப்போது நினைக்காதே. கைடின் நான்கு கையெழுத்து, அவ்வளவுதான். ஒரு கையெழுத்துக்கு நாலு செகண்ட் என்றால்கூட பதினாறு செகண்ட் காரியம், அதற்கு ஒன்றரை மணி நேரமாக ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த எண்ணிப் பார்க்கிற வியாதி எட்டு வருஷத்தில் வந்தது. எதைப் பார்த்தாலும் எண்ணுகிறாள். வராந்தாவில் பதினொரு தூண், நோட்டீஸ் போர்டில் ஆறு தாள், அதில் நான்கு போன வருஷத்தது. பின்னே, எண்ணுவதே ஆராய்ச்சியாக இருந்தால் வேறென்ன ஆகும். கைடு ஆசிரியராக இருந்து நடத்துகிற மார்க்கெட்டிங் ஜர்னல் ஒன்று உண்டு. வருஷத்துக்கு நான்கு இதழ், இருபத்தைந்து வருஷம், நூறு இதழ், தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு கட்டுரை. அதில் யார் எழுதினார்கள், எத்தனை எழுதினார்கள், எந்த வருஷம் எதைப் பற்றி எழுதினார்கள், யார் யாரை மேற்கோள் காட்டினார்கள், இதைக் கணக்கெடுத்து அட்டவணை போட்டுப் படம் வரைய வேண்டும். அதற்கு ஒரு பெரிய பெயர் இருக்கிறது, அந்தப் பெயரைச் சொன்னால் வீட்டில் யாருக்கும் புரியாது. "அப்ப நீ ஒண்ணும் எழுதல, மத்தவங்க எழுதினத எண்ணுற, அப்படித்தான?" என்று வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார், அதுதான் அதிகம் உறுத்தியது. ஆமாம், எண்ணுகிறேன். எண்ணியதில் என்ன கண்டாள் என்றால், முதல் பத்து வருஷம் எல்லோரும் ஷாம்பு பாக்கெட்டைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஷாம்பு, சோப்பு, மொபெட். மாவட்டத்தின் பெயரை மட்டும் மாற்றி மாற்றி ஒரே கட்டுரை. விருதுநகர் மாவட்டத்தில் மொபெட், ராமநாதபுரம் மாவட்டத்தில் மொபெட். அப்புறம் செல்போன், அப்புறம் ஆன்லைனில் சேலை வாங்குவது, அப்புறம் கொரோனா, இப்போது எல்லாவற்றுக்கும் செயற்கை நுண்ணறிவு. அதிகம் வந்த சொல் எது என்று சாஃப்ட்வேரில் போட்டால் ஒரு வட்டம் பெரிதாக, நடுவில், பூசணிக்காய் மாதிரி வந்து நின்றது. வாடிக்கையாளர் திருப்தி. முந்நூற்று நாற்பது கட்டுரையில் திருப்தி. இருபத்தைந்து வருஷமாகத் திருப்தியைத் தேடியிருக்கிறார்கள் மகராசன்கள், யாருக்கும் அது கிடைத்த மாதிரித் தெரியவில்லை, கிடைத்திருந்தால் அடுத்த கட்டுரை எதற்கு எழுதுகிறார்கள். அவளுக்கு அந்த வட்டத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, யாரிடமும் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை, கணிப்பொறியை அணைத்துவிட்டுப் பருப்பை வேகவைக்கப் போனாள்.

அதோடு முடிந்திருந்தால் தேவலையே. அதிகம் எழுதியவர்கள் அட்டவணை என்று ஒன்று போட வேண்டியிருந்தது, பக்கம் நூற்று நாற்பத்துமூன்று. அந்தப் பக்கம்தான் மூன்று வாரமாக நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. சாஃப்ட்வேர் கொடுத்தபடி முதலிடம் டாக்டர் ஞானசிகாமணி, அதாவது கைடுதான், முப்பத்தொரு கட்டுரை. அந்த முப்பத்தொன்றில் அவர் தனியாக எழுதியது எத்தனை என்று ஒருநாள் சும்மா தட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. எல்லாவற்றிலும் அவரிடம் ஆராய்ச்சி பண்ணுகிற ஒரு ஸ்காலர் கூட இருந்தார். ஸ்காலர் எழுதினால் கைடு பெயரும் வரும், அது வழக்கம், செண்பகவல்லியின் இரண்டு கட்டுரையிலும் அவர் பெயர் இருக்கிறது, அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் பூஜ்யம் என்று திரையில் வந்ததும் யாரோ பின்னால் நிற்கிற மாதிரித் திரும்பிப் பார்த்தாள். அதற்கு அட்டவணை போடவில்லை, போட அவளுக்கென்ன பைத்தியமா. அட்டவணையில் நாலாவதாக பி. அலர்மேல், பதினேழு கட்டுரை. ஏழாவதாக ஆர். அலர்மேல், பதினைந்து கட்டுரை. பி. அலர்மேல் இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் மார்ச் இதழோடு நின்றுபோகிறாள். ஆர். அலர்மேல் அதே வருஷம் டிசம்பரில் ஆரம்பிக்கிறாள். இடையில் என்ன நடந்திருக்கும் என்பது எந்தச் சாஃப்ட்வேருக்குத் தெரியும்? தமிழ்நாட்டில் எந்தப் பெண்பிள்ளையைக் கேட்டாலும் தெரியும். கல்யாணம். அப்பா பெயரின் எழுத்து போய்ப் புருஷன் பெயரின் எழுத்து வந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. செண்பகவல்லிக்கே சர்ட்டிஃபிகேட்டில் ஓர் எழுத்து, ஆதாரில் ஓர் எழுத்து, இரண்டும் ஒருத்திதான் என்று நோட்டரியிடம் போய் முத்திரை வாங்கி வைத்திருக்கிறாள். அலர்மேல் வேலை பார்த்த பழைய கல்லூரி ஆபீஸில் கெஞ்சி நம்பர் வாங்கி அவளுக்குப் போன் போட்டாள். எடுத்த குரலுக்கு ஐம்பது வயசிருக்கும். ராஜபாளையத்தில் வீட்டிலேயே பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாளாம், மாமியாருக்குப் பக்கவாதம் வந்த வருஷம் கல்லூரியை விட்டவள், அப்புறம் திரும்பிப் போகவே இல்லை. இரண்டும் நான்தாம்மா என்றாள். இரண்டையும் கூட்டினால் முப்பத்திரண்டு வருதுக்கா, ஜர்னல்லயே நீங்கதான் முதல் என்றாள் செண்பகவல்லி. "முப்பத்திரெண்டா? நல்லா எண்ணுனியாம்மா? நான் ஒரு இருவது இருக்கும்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்" என்றாள் அலர்மேல். பிறகு "இரு, அடுப்ப அணைச்சிட்டு வாரேன்" என்று போய்விட்டு வந்தாள். வந்து, "இத யாருமே எண்ணலயேம்மா, நானே எண்ணல" என்றாள். குரல் தழுதழுத்த மாதிரி இருந்தது, அல்லது டவர் சரியில்லையோ என்னவோ.

அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினாள் செண்பகவல்லி, எட்டு வருஷத்தில் உருப்படியாக ஒன்று செய்தோம் என்று. மறுநாளே வரைவை எடுத்துக்கொண்டு கைடிடம் ஓடினாள், பார் அந்த அவசரத்தை. அவர் கண்ணாடியைக் கழற்றினார், தாளைக் கிட்டத்தில் பிடித்தார், "ம்ம்ம், அலர்மேல்" என்றார். அலர்மேல் அவருடைய முதல் ஸ்காலர், அது இவளுக்கும் தெரியும். அப்புறம் கேட்டார்: "ரெண்டையும் ஏம்மா சேர்க்குற? சாஃப்ட்வேர் பிரிச்சுத்தான குடுக்குது?" அவள் வாயைத் திறப்பதற்குள் அவருடைய போன் அடித்தது, ஜர்னலின் வெள்ளிவிழா ஏற்பாடு பற்றி யாரோ, பேசிக்கொண்டே கையால் போய்வா என்று காட்டினார். அவ்வளவுதான் நடந்தது. இதை வைத்துக்கொண்டு மூன்று வாரம். கேட்டது கேள்வியா, சொன்னது உத்தரவா? கேள்வி என்றால் பதிலுக்குக் காத்திருக்க மாட்டாரா? உத்தரவு என்றால் சேர்க்காதே என்று நேராகச் சொல்ல அவருக்கென்ன பயம்? ஆனால் கைடுகள் எப்போது நேராகச் சொன்னார்கள். தன் மகள் கல்யாணத்துக்கு வாம்மா என்றுதான் கூப்பிட்டார், போய்ப் பார்த்தால் வாசலில் சந்தனமும் கற்கண்டும் கொடுக்கிற இடத்தில் நாலு ஸ்காலர்கள் ஏற்கெனவே நின்றார்கள், இவளும் பட்டுப்புடவையோடு அஞ்சாவது ஆளாக ராத்திரி பந்தி முடிகிறவரை நின்றாள். யாரும் நிற்கச் சொல்லவில்லை, அங்கே நிற்க வேண்டும் என்று இவளுக்கே தெரிந்தது. "நேரம் இருந்தா பாரும்மா" என்றால் நாளைக் காலைக்குள் என்று அர்த்தம். "உன் இஷ்டம்" என்றால் செத்தோம் என்று அர்த்தம். அப்படியிருக்க "ஏம்மா சேர்க்குற" என்றால் என்ன? முதலிடத்தில் அவர் இருப்பதும் இரண்டாமிடத்துக்கு இறங்குவதும் ஒரே ஒரு கட்டுரை வித்தியாசத்தில், அதுவும் வெள்ளிவிழா வருஷத்தில், இவள் தீசிஸில் இருந்து ஓர் அத்தியாயம் சிறப்பிதழில் முதல் கட்டுரையாக வரப்போகிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த "ம்ம்ம்" வேறு. மூன்று மெய்யெழுத்து நீளத்துக்கு ஒரு ம். சந்தோஷ ம்மா, கோப ம்மா? குளிக்கும்போது யோசித்தாள், கிளாஸ் எடுக்கும்போது யோசித்தாள், மகளுக்கு இட்லி வைக்கும்போது யோசித்தாள், இட்லியை வைத்துவிட்டுச் சட்னி ஊற்ற மறந்தாள். போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்று யாரும் சொல்லலாம். சொல்கிறவர்கள் பிஎச்.டி. பண்ணாதவர்கள். கேட்டு, அவர் "உன் இஷ்டம்" என்றுவிட்டால்?

ஆக நேற்று முன்தினம் பைண்டிங் கடையில் உட்கார்ந்து அலர்மேலை மறுபடி இரண்டாகப் பிரித்துவிட்டாள். அதைச் சொல்லத்தானே வேண்டும், எத்தனை நேரம் சுற்றிச் சுற்றி வருவது. கடைக்காரர் "மேடம், ஃபைனலா? பிரிண்ட் போட்டா போட்டதுதான், பசை காய அரை நாளாகும், அப்புறம் பக்கம் மாத்துறேன்னு வரக்கூடாது" என்றார். ஒரு நிமிஷம் இருங்கண்ணே என்று கடைக் கணிப்பொறியில் நூற்று நாற்பத்துமூன்றாம் பக்கத்தைத் திறந்தாள், முப்பத்திரண்டு என்ற எண்ணை அழித்தாள், பி. அலர்மேல் பதினேழு, ஆர். அலர்மேல் பதினைந்து. முதலிடம் டாக்டர் ஞானசிகாமணி. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒருத்தியை இரண்டு பேராக ஆக்குவதற்கு இவ்வளவுதான் நேரமா என்று தோன்றியது, உடனே, நான் எங்கே ஆக்கினேன், சாஃப்ட்வேர் கொடுத்ததைத்தானே வைத்தேன் என்றும் தோன்றியது. தப்பு ஒன்றும் இல்லை. யார் கேட்கப்போகிறார்கள். எக்ஸாமினருக்கு அலர்மேலைத் தெரியுமா? தெரியாது. முந்நூற்றுப் பத்துப் பக்கத்தை எக்ஸாமினர் படிப்பாரா? மாட்டார். அப்படியென்றால் யாருக்காக இந்தத் தலைவலி, காலையிலிருந்து இடது நெற்றிப்பொட்டில் விண் விண்ணென்று. அலர்மேல் ராஜபாளையத்தில் இருக்கிறாள், ஜர்னல் எல்லாம் இப்போது அவள் கண்ணில் படவா போகிறது. அவளுக்கு இதில் என்ன லாபம், டியூஷன் பிள்ளைகள் இரண்டு பேர் கூட வருவார்களா. எனக்கு வேலை போகும். எனக்கு வேலை போகும், அவளுக்கு ஒன்றும் போகாது, இதைத் தராசில் வைத்தால் எந்தத் தட்டு இறங்கும்? சரியாகத்தான் செய்தேன். சரியாகச் செய்தவளுக்கு ஏன் தண்ணீர்கூட இறங்கவில்லை என்று தெரியவில்லை. உள்ளே போனதும் அவர் அந்தப் பக்கத்தைத் திருப்புவார், இரண்டு அலர்மேலையும் பார்ப்பார், ம்ம்ம் என்பார், அந்த ம்மைக் கேட்டால் போதும், அதற்காகத்தானே எல்லாம். அவர் அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினால் செய்ததற்கு ஒரு நியாயமாவது கிடைக்கும். ஒருவேளை தலையாட்டாமல், ஏதோ வெறும் காகிதம் மாதிரிப் புரட்டிவிட்டால்? சே, அப்படி இருக்காது. மணி ஒன்று பத்து. தூண் பதினொன்றுதான், மறுபடியும் எண்ணினாலும் பதினொன்றுதான்.

"மேடம், கூப்பிடுறாரு" என்றார் பிச்சையா. எழுந்தபோது கால் தன் கால் மாதிரி இல்லை. உள்ளே கைடு போனில் இருந்தார். வெள்ளிவிழாவுக்குச் சால்வை எத்தனை, மேடையில் நாற்காலி எத்தனை என்று பேசிக்கொண்டே இடது கையால் மேஜையைத் தட்டி, வை என்றார். வைத்தாள். பேனாவைத் திறந்தார். முதல் அட்டையைத் திருப்பினார், சான்றிதழ்ப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார், மூடினார். இரண்டாவது. மூன்றாவது. "அட, துணைவேந்தருக்கு மாலை வேண்டாம்ப்பா, பூங்கொத்துப் போதும்" என்றார் போனில். நான்காவது. செண்பகவல்லி பார்த்துக்கொண்டே நின்றாள், நூற்று நாற்பத்துமூன்றாம் பக்கம் நான்கு தடவையும் அட்டைக்குள்ளேயே இருந்தது. சார், அட்டவணை ஒரு தடவை பார்த்துடுங்க சார் என்று வாய் வரை வந்தது. அவர் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார், முகத்தில் நல்ல களை, யாரோ நல்ல செய்தி சொல்லியிருப்பார்கள். "ஒருவழியா முடிச்சுட்டம்மா. அப்புறம், அலர்மேலச் சேர்த்துட்டேல்ல? ரெண்டும் ஒரே ஆள்னு கீழ ஒரு அடிக்குறிப்புப் போட்டியா? அன்னைக்கே கேட்டேன், எதை வச்சுச் சேர்க்குறன்னு, அதுக்குள்ள போன் வந்துருச்சு. எக்ஸாமினர் கேப்பான்." "சேர்க்கல சார். நீங்க..." என்று ஆரம்பித்து, நீங்க என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டாள். "சேர்க்கலையா?" என்றார் அவர். பேனாவை மூடினார். "பாவம், நெறைய எழுதினா அந்தப் பொண்ணு. ஏன் சேர்க்கல? சரி விடு, இனிமே என்ன பண்றது. மூணு மணிக்கு முன்னாடி குடுத்துடு, வைவா தேர்வுல பாத்துக்கலாம்." வருத்தமாகச் சொன்னாரா, இல்லை, அப்பாடா என்று சொன்னாரா? அதைப் பிரித்துப் பார்க்க இனி அவளிடம் தெம்பு இல்லை. தேங்க்யூ சார் என்றாள். அழுகை வந்தது. அவர் அதைச் சந்தோஷம் என்று நினைத்து "எல்லாருக்கும் இப்படித்தாம்மா இருக்கும்" என்றார்.

வெளியே வந்து நான்கையும் மார்போடு அணைத்துக்கொண்டு ஆராய்ச்சிப் பிரிவுக்கு நடந்தாள். அரை நாளாகும் என்றார் கடைக்காரர், இருப்பது ஒன்றரை மணி நேரம். ஆகாது. கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், மூன்று வாரத்தில் எந்த நாளிலாவது, நேற்றாவது, ஏன் இன்றைக்குக் கதவைத் தட்டியாவது. அவர் கேட்காததைச் செய்துவிட்டு அவர் மேல் பழியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, இப்போது யார் மேல் போடுவது? பையில் போன் அதிர்ந்தது. எடுக்காமல் விட்டாள், நின்று, மறுபடி அதிர்ந்தது. நான்கு புத்தகத்தையும் படிக்கட்டுச் சுவரில் வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தால் அலர்மேல். இன்றைக்குத்தான் கடைசி நாள் என்று அன்றைக்குப் போனில் இவள் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது, இவளே மறந்துவிட்டாள். "ஏம்மா, கையெழுத்து ஆச்சா? காலைலருந்து எனக்குத்தான் படபடன்னு இருக்கு, உனக்கு எப்படி இருக்கோ." ஆச்சுக்கா என்றாள். "நல்லது, நல்லது. எம் பேரு இருக்குற பக்கத்த மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புறியா? எம் பையன் நம்ப மாட்டேங்கான், ஒங்கம்மாதாண்டா ஃபர்ஸ்ட்டுன்னா சிரிக்கான்." வெயில் படிக்கட்டில் கண் கூசியது. ஒரு பொய் போதும், அல்லது ஒரு நிஜம் போதும், இரண்டில் எது சீக்கிரம் முடியும் என்றுதான் அந்த நேரத்தில் அவளுக்கு யோசனை ஓடியது, அவ்வளவு அலுப்பு. "அக்கா, நீங்க நாலாவதுக்கா" என்றாள். "மொதல்னு சொன்னியேம்மா." "எண்ணுனதுல தப்புப் பண்ணிட்டேன்க்கா. முப்பத்திரண்டு இல்ல. பதினேழுதான்." "அதான பாத்தேன். இருவதுகூட இருக்காதுன்னு எனக்கே தெரியும், நாந்தான் ஆசப்பட்டுட்டேன். பதினேழுகூட எனக்கெல்லாம் பெரிசுதாம்மா. பையன்கிட்டச் சொல்லிக்கிடுறேன், போட்டோவெல்லாம் எடுத்து மெனக்கெடாத." பிறகு, "நீ ஏம்மா இதுக்குப் போய் வருத்தப்படுற? எட்டு வருசமா அத்தன பேரை எண்ணியிருக்க, கண்ணு அசந்து ஒண்ணு ரெண்டு மாறத்தான் செய்யும். போ, போயி மொதல்ல புக்கக் குடு, லேட்டாயிரப் போகுது" என்றாள். சரிக்கா என்று செண்பகவல்லி போனை வைத்தாள். கவுண்டரில் அவளுக்கு முன்னால் ஏழு பேர் நின்றார்கள்.